பிளஸ் ஒன்னில் உளவியல் எடுக்கிறீர்களா?

உளவியல் என்றால் அடுத்தவர் மனதைப் படிக்கும் வித்தை என்று நினைத்துச் சேராதீர்கள். இது சான்று கேட்கும் பாடம். சிபிஎஸ்இ-யில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. ரெக்கார்டு வேலையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளவே கூடாது.

கலைச்சொற்கள் நிறைய வரும். ஒவ்வொன்றையும் நம்மூரோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். நெல்லை டவுனில் கீழ ரத வீதிக்குள் திரும்பியதுமே அல்வா நினைப்பில் நாக்கில் நீர் ஊறுகிறதா? ரஷ்ய அறிஞர் பாவ்லவ் நாய்களிடம் கண்டது இதைத்தான்: மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், பிறகு மணியோசைக்கே அவற்றுக்கு எச்சில் ஊறும். தெருவே இங்கே மணியோசை ஆகிவிட்டது!

அப்புறம், படித்ததை மறுநாளே புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். மறதி எத்தனை வேகமாக வரும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவிட்டார்.

மனநோய்ப் பாடம் வரும்போது மட்டும் கவனம்: அறிகுறிகளைப் படித்துவிட்டு ஆச்சிக்கோ தம்பிக்கோ நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். அது மருத்துவர் வேலை.