கீழே கடை, மேலே வீடு: பெசன்ட் நகரில் வாடகைக் கட்டடம் வாங்குவது எப்படி?

சென்னை பெசன்ட் நகர் இரண்டாவது அவென்யூ பக்கம் ஒரு கட்டடம் விலைக்கு வந்தால் புரோக்கர் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "கீழ காபி ஷாப், மேல ரெண்டு வீடு, மாசம் பொறந்தா வாடகை வந்துரும் சார்." கடற்கரைக்கு நடந்தே போகலாம், மாலையானால் இளைஞர் கூட்டம், கடைக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டமில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மவுசு முழுக்க விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். முதல்முறையாக இப்படி ஒரு கட்டடம் வாங்க நினைப்பவர்கள் எதை முதலில் பார்க்கவேண்டும், எதை அப்புறம் பார்க்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வாடகையைக் காகிதத்தில் பாருங்கள்

வாடகை ஒப்பந்தம், வாடகை வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் ஓராண்டு விவரம், விற்பவரின் வருமான வரிக் கணக்கு. மூன்றிலும் ஒரே தொகை வரவேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்திருக்கவேண்டும். பதிவு இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

இங்கேயே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "எந்த வீடாவது போக்கியத்துக்கு விட்டிருக்கா?" சென்னையில் லீஸ் என்று சொல்வதும் இதைத்தான். குடியிருப்பவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்திருப்பார், மாத வாடகை கிடையாது. காலம் முடிந்து காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். அட்வான்ஸும் அப்படித்தான். மாத வாடகை 1,20,000 ரூபாய் உள்ள கடைக்குப் பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருந்தால், 12 லட்சம் விற்பவர் கையில் இருக்கிறது என்று பொருள். விலைத் தொகையைக் கொடுக்கும்போது இதைக் கழித்துக்கொள்ளவேண்டும், கிரய ஒப்பந்தத்திலும் எழுதவேண்டும். புதிதாக வாங்குபவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

படி 2: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

உதாரணத்துக்கு, விலை 6 கோடி. கடை வாடகை 1,20,000, இரண்டு வீடுகளும் தலா 45,000. மாதம் 2,10,000, ஆண்டுக்கு 25.2 லட்சம். இதை வைத்து 4.2 சதவீதம் வருமானம் என்பார்கள்.

சரி, செலவைச் சேர்ப்போம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 54 லட்சம். அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, கிரய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்காகும். சொத்து வரி, குடிநீர் வரி, மோட்டார், பெயிண்ட், வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, எல்லாம் சேர்த்து 4.2 லட்சம் என்று வையுங்கள். போட்ட 6.54 கோடிக்கு மிஞ்சுவது 21 லட்சம், அதாவது சுமார் 3.2 சதவீதம்.

கடன் வாங்கினால் கதையே வேறு. 3 கோடி, 9 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,04,000. மொத்த வாடகையும் அதற்குப் போதாது. "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்ற பேச்சை நம்பி இறங்கவே வேண்டாம்.

ஆக, இப்படி வாங்குபவர் உண்மையில் வாங்குவது மனையைத்தான். போகப்போக அதன் விலை ஏறும் என்பதுதான் கணக்கு. அதனால் அடுத்த படியில் அவசரம் கூடாது.

படி 3: மனை சுத்தமா?

பெசன்ட் நகரில் நிறைய மனைகள் வீட்டு வசதி வாரியம் ஒதுக்கியவை. வாரியம் எழுதிக்கொடுத்த முதல் கிரயப் பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். நகலை வைத்து முடிவு செய்யாதீர்கள், அசல் பத்திரங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். அசல் இல்லையென்றால் அது எங்காவது அடமானத்தில் இருக்கலாம். சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள்.

அப்பா பெயரில் இருந்த சொத்தென்றால் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். அதில் உள்ள எல்லோரும், மகள்கள் உட்பட, கையெழுத்துப் போடவேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கவேண்டும். கல்யாணமாகிப் போன அக்காவுக்குப் பங்கில்லை என்று இன்னும் சில வீடுகளில் சொல்கிறார்கள். அது சட்டமில்லை.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் தேடுபவர்கள் அடிமனை கோயிலுடையதா என்றும் விசாரிக்கவேண்டும். கட்டடம் விற்பவருடையதாக இருக்கும், நிலம் கோயிலுடையதாக இருக்கும்.

படி 4: டேப் எடுத்து அளந்து பாருங்கள்

அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்று இருக்கும் இடத்தில் கடையின் ஸ்டோர் ரூம் இருக்கும். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு ஒரு அறை எழும்பியிருக்கும், அதற்கும் வாடகை வந்துகொண்டிருக்கும். அந்த வாடகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது மாநகராட்சி நோட்டீஸ் வந்தால் அது நின்றுவிடும். கடைக்கான மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடல் பக்கத் தெரு என்றால், பின்னால் இடித்துக் கட்ட நினைக்கும்போது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும்.

படி 5: ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போங்கள்

கேட்டை மறித்து எத்தனை பைக் நிற்கிறது? கடையின் புகைக்குழாய் முதல் மாடி சமையலறை ஜன்னலுக்கு நேராக நிற்கிறதா? படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டர் இருக்கிறதா? மாடியில் குடும்பங்கள் அடிக்கடி மாறுகிற வீடுகளில் காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும் கடைதான். முடிந்தால் மாடியில் இருப்பவர்களிடமே பேசிப் பாருங்கள்.

படி 6: ஒப்பந்தம், பதிவு, பெயர் மாற்றம்

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரியை நீங்கள்தான் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடிக்கவேண்டிய தொகை மிகவும் கூடும், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பதிவு முடிந்த பிறகு பட்டா, சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றுங்கள். வாடகைதாரர்களுக்கு விற்பவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் கொடுங்கள். இனி வாடகை யாருக்கு, அட்வான்ஸ் எவ்வளவு உங்களிடம் மாறியிருக்கிறது என்று அதில் தெளிவாக இருக்கட்டும். அதே தொகையைப் போட்டு உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள்.