கமடோர் 64: முதலில் மல்டிமீட்டர், அப்புறம் விசைப்பலகை

1982இல் வந்த வீட்டுக் கணினியான கமடோர் 64 வசதியில் இன்றைய மடிக்கணினியின் பக்கத்தில் நிற்காது. ஆனால் சுவிட்சைப் போட்ட சில விநாடிகளில் நீலத் திரையில் ‘ரெடி’ என்று வந்து நிற்கும். எதையும் நிறுவாமல் அப்படியே நிரல் எழுதலாம். இந்த நேரடித்தன்மைக்காகவே அதை வாங்கலாம்.

கைக்கு வந்ததும் ஆவலில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். இந்தக் கணினியைக் கொல்வது பெரும்பாலும் அதன் பழைய பவர் சப்ளைதான். உள்ளே 5 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் ஏறும், மெமரி சிப்கள் கருகும். கணினியில் மாட்டுமுன் 7 முள் வட்டப் பிளக்கில் 5ஆம் முள்ளுக்கும் 2ஆம் முள்ளுக்கும் இடையே அளந்து பாருங்கள் (முள் எண்கள் வரிசையாக இருக்காது, வரைபடத்தைப் பார்த்து வையுங்கள்). 5.2 வோல்ட்டைத் தாண்டினால் தொடவே வேண்டாம். அளவு சரியாக வந்தாலும் நம்பிவிட முடியாது, சூடேறிய பிறகும் அது ஏறலாம். புதிதாகச் செய்த சப்ளை வாங்குவதே நல்லது. அமெரிக்காவிலிருந்து வந்த சப்ளை 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் அதோடு முடிந்தது.

படத்துக்கு ஆன்டெனா இணைப்பைவிட ஏவி கேபிள் தெளிவு. திரை கறுப்பாகவே இருந்தால் முதலில் பவரையும் பிறகு மற்ற சிப்களை ஒருங்கிணைக்கும் பி.எல்.ஏ சிப்பையும் சந்தேகப்படுங்கள். எல்லாம் சரியென்றால் 38911 பைட் காலி என்று காட்டும்.

இனி விளையாட்டு. போக் (POKE) 53280,0 என்று அடித்து ரிட்டர்ன் தட்டுங்கள். திரையின் ஓரம் சட்டென்று கறுப்பாகும். நீங்கள் அடித்த எண் நேராக வீடியோ சிப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, நடுவில் தடுக்க யாருமில்லை. இன்றைய கணினியில் சாதாரண நிரல் வன்பொருளை இப்படித் தொட இயக்குதளம் விடாது. 0 முதல் 15 வரை போட்டுப் பாருங்கள், 16 நிறம். உள்பக்கத்துக்கு 53281. தாறுமாறாகப் போனால் ரன்/ஸ்டாப் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டோரைச் சுருக்கென்று தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அணைத்துப் போட்டால் போதும். நிரல்தான் போகும்.

சலிப்பூட்டுவது டிஸ்க். கமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் விநாடிக்குச் சுமார் 400 பைட்தான் ஏற்றும். 38 கேபிக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். லோட் (LOAD) "$",8 என்று பட்டியல் பார்த்தால் மெமரியில் இருக்கும் உங்கள் நிரல் அழிந்துவிடும், அதற்கு முன் சேமித்துவிடுங்கள். இந்த இடத்தில் பழமையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை: டிஸ்க் டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டு போடும் எஸ்டி2ஐஇசி என்ற கருவியை வாங்கிவிடுங்கள்.

பெட்டி வாங்குமுன் ருசி பார்க்க, இன்றைய கணினியிலேயே கமடோரைப் போல இயங்கிக் காட்டும் வைஸ் என்ற இலவச எமுலேட்டர் போதும். அதில் எஸ்கேப் விசைதான் ரன்/ஸ்டாப், பேஜ் அப் விசைதான் ரீஸ்டோர்.