நோய் பரவும் காலத்தில் தடுப்பூசியின் பயனை அளப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணப் பாடசாலையொன்றில் சின்னமுத்து (தட்டம்மை) பரவுகிறது என்றும், நோயுற்ற 66 பிள்ளைகளில் 36 பேர் தடுப்பூசி பெற்றவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேற்பட்டோர் ஊசி போட்டவர்களாயின் ஊசியால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பார்கள். நோயுற்றோரை மட்டும் எண்ணிவிட்டு, நோயுறாதவர்களை மறந்துவிடுவதே இங்கு நேரும் மிகப் பெரிய தவறு. அப்பாடசாலையின் 1000 பிள்ளைகளில் 960 பேர் ஊசி பெற்றிருந்தால், அவர்களுள் நோயுற்றோர் 3.75 வீதம் மட்டுமே. பெறாத 40 பேரில் நோயுற்ற 30 பேரோ 75 வீதம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, வரும் 0.05ஐ ஒன்றிலிருந்து கழித்தால் தடுப்பூசியின் பயன் 95 வீதமாகிறது. அனைவருமே ஊசி பெற்றிருந்தால், நோயுறும் ஒவ்வொருவரும் ஊசி பெற்றவராகத்தானே இருப்பார்!

யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்று நோய்களையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுவதால், வீடு வீடாகக் கணக்கெடுக்கையில் ஆறு மாதக் குழந்தையை ‘ஊசி பெறாதவர்’ என்று பதிவது பொருந்தாது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புசக்தி அக்குழந்தையிடம் எஞ்சியிருக்கலாம். முன்னரே சின்னமுத்து வந்தவர்களையும் விலக்க வேண்டும்.

ஊசி போட்ட திகதியைத் தாயின் நினைவிலிருந்து மட்டும் எழுதாமல், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் கிளினிக் பதிவையும் பார்க்க வேண்டும். நோயுற்ற பிள்ளைகளின் பதிவுகளை மட்டும் துருவித் தேடிவிட்டு, மற்றவர்களுக்கு வாய்மொழியை ஏற்றுக்கொண்டால் ஒப்பீடே சரிந்துவிடும். இது பலர் கவனிக்காத ஓட்டை. நோய் பரவத் தொடங்கிய பின் அவசரமாக ஊசி பெற்று, இரண்டு வாரங்களுக்குள் நோயுற்றவரை ஊசி பெற்றவராக எண்ணக்கூடாது. எதிர்ப்புசக்தி உருவாகுமுன்பே தொற்று ஏற்பட்டிருக்கலாம். ஒரு ஊசி பெற்றவர்களையும் இரண்டு பெற்றவர்களையும் தனித்தனியே கணிக்க வேண்டும்.

மாரிகாலத்தில் யாழ்ப்பாணத்தில் டெங்கும் பெருகும். காய்ச்சலும் தோல் சிவப்பும் அதிலும் காணப்படுவதால், இரத்தப் பரிசோதனையின்றி எல்லாவற்றையும் சின்னமுத்து என்று பதிந்தால், அந்த ஊசி தடுக்கவியலாத நோயும் அதன் கணக்கில் ஏறி, பயன் உண்மையிலும் குறைவாகத் தெரியும்.

ஊசி பெறாதவர்கள் நால்வர் மட்டுமே உள்ள முன்பள்ளியில், ஒரு பிள்ளையின் பதிவு மாறினாலே முடிவு பெரிதும் மாறிவிடும். அங்கே ஒற்றை எண்ணை அறிவிக்காமல், அது எந்த எல்லைக்குள் ஏறி இறங்கக்கூடும் என்பதையும் சேர்த்துத் தர வேண்டும்.