காவிரியோடு மூன்று நாள்: தண்டையார்பேட்டையிலிருந்து குழுவாகக் கிளம்புவது எப்படி?

காசிமேட்டுக் கடலைப் பார்த்து வளர்ந்த எங்கள் தெருவுக்கு ஆறு என்றால் எண்ணூரில் கடலில் கலக்கிற கொசஸ்தலை ஆறுதான். அதனால் முதல்முறை காவிரிக்குப் போனபோது பெரிய தவறு செய்தோம். மே மாதம் போனோம். ஆற்றில் மணல்தான் இருந்தது. இரண்டு நாளில் ஒன்பது கோயில் என்று திட்டம் போட்டு, பாதிக் கோயில்களில் சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் முறை பன்னிரண்டு பேர் போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்த முறையில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: தண்ணீரைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து, ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் நீர் குறைவான வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும், செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கெடுத்துவிடும். பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினாலும் சரி. ஆடிப்பெருக்கு அன்று படித்துறைகளில் கால் வைக்க இடம் இருக்காது. முதல்முறை போகிறவர்களுக்கு அந்த நாள் வேண்டாம்.

படி 2: ஆளும் பணமும்

பன்னிரண்டு பேர் என்றால் ஒரே வேனில் அடங்கும். அதற்கு மேல் போனால் இரண்டு வண்டி, இரண்டு மனசு. வழி பார்ப்பவர் ஒருவர், கணக்கு பார்ப்பவர் வேறொருவர் என்று பிரித்துவிடுங்கள். எங்கள் தெருவில் சீட்டு மாதிரி ஆறு மாதம் மாதாமாதம் பணம் போட்டோம். கணக்கு நோட்டு எதிர்வீட்டு அத்தையிடம் இருந்தது. மொத்தமாகக் கேட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

படி 3: திருவொற்றியூரில் ஒரு ஒத்திகை

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை எல்லோருமாகத் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போங்கள். ஆதிபுரீசுவரர் கருவறையை வெளியே சுற்றி வந்து பாருங்கள். பின்பக்கம் யானை படுத்திருக்கிற மாதிரி வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். அதைக் கருங்கல்லில் எடுத்தது முதலாம் இராசேந்திரன் காலத்தில். கங்கைகொண்ட சோழபுரம் கட்டிய அதே ராஜா, நம் ஏரியாவிலேயே!

சுவரில் உள்ள கல்வெட்டில் இரண்டு விஷயம் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று கிரந்த எழுத்தில் தொடங்கும். அப்புறம் வருகிற தமிழில் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், ‘க’வா ‘க்’கா என்று நாம்தான் ஊகித்துப் படிக்க வேண்டும். அரை மணி நேரம் விரலைக் காற்றில் வைத்துத் தேடினால் ‘யாண்டு’ (ராஜாவின் ஆட்சி ஆண்டு) என்ற சொல்லாவது பிடிபடும். கல்லைத் தொடாதீர்கள், மாவு பூசிப் படிக்காதீர்கள்.

படி 4: டிக்கெட்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். போக, எழும்பூரிலிருந்து இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். திரும்பி வர, மயிலாடுதுறையிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸ். எழும்பூருக்கு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் போதும். வேனைத் திருச்சியிலேயே பேசிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வேனிலேயே போனால் முதல் நாள் முழுக்க இடுப்புவலிதான்.

படி 5: ஆறு போகிற திசையிலேயே போங்கள்

ஒரே ஒரு விதி: காலையும் மாலையும் கோயிலுக்கு, மதியம் ஆற்றுக்கு. சன்னதிகள் மதியம் சாத்தியிருக்கும். கருங்கல் தரை வேறு காலைப் பொசுக்கும். பெரியவர்களுக்குத் தடித்த சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் விடியற்காலை திருச்சி மலைக்கோட்டை. மேலிருந்து பார்த்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகத் தெரியும். அப்புறம் கல்லணை. கரிகாலன் கட்டியது என்று காலங்காலமாகச் சொல்கிறோம். இங்கே அவசரப்படாதீர்கள். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனத் தண்ணீர் பிரிகிற இடத்தைப் பாலத்தில் நடந்தே பாருங்கள். மதகுகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வந்து, படித்துறையில் உட்கார்ந்து அசோகா அல்வா. ராத்திரி தஞ்சாவூர்.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்குப் பெரிய கோயிலில் இருங்கள். 1010-ல் முடிந்த கோயில், விமானம் 216 அடி. எல்லோரும் மேலேயே பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து அடிப்பகுதியில், வடபுறம் பாருங்கள். கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன இராசராசனின் ஆணையில் ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று வருகிறது. அக்கன் என்றால் அவர் அக்கா குந்தவை. எதிர்வீட்டு அத்தை ‘குடுத்த’ என்ற எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டு, “நாம பேசுற மாதிரியே இருக்கேடா” என்றார். அப்புறம் கால்மணி நேரம் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

மதியத்துக்கு முன் புள்ளமங்கை. சின்னக் கோயில், உள்ளங்கை அளவுச் சிற்பங்கள். மாலை தாராசுரம். ஒரே தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பத்தைக் குழந்தைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். தங்கல் கும்பகோணம்.

மூன்றாம் நாள் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம். புல்வெளியில் உட்கார்ந்து, திருவொற்றியூரில் பார்த்ததை எல்லோரும் நினைவுபடுத்திப் பேசுங்கள். அப்புறம் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார்.

படி 6: தண்ணீரில் கவனம்

கல்லணைக்குப் பக்கத்தில் இறங்கவே கூடாது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. எங்கே குளிக்கலாம் என்று உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். குளிப்பதும் படித்துறையில், இடுப்பளவுத் தண்ணீரோடு நிற்கட்டும். கடலில் நீந்துகிற காசிமேட்டுப் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான்.

பூம்புகாரில் காவிரி கடலில் சேருமிடம் ஒடுங்கி இருக்கும். “இவ்வளவுதானா?” என்று யாராவது கேட்பார்கள். முக்கொம்பில் கொள்ளிடம், கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும், திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி, அப்புறம் அரசலாறு என்று மூன்று நாளாக நாம் பார்த்த வயலுக்கெல்லாம் பங்கு போட்டுவிட்டு வந்த தண்ணீர் அது என்று சொல்லுங்கள். எங்கள் அத்தை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் கிளம்பி மயிலாடுதுறையில் இட்லி வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டை ரயிலிலேயே எல்லோர் முன்னாலும் படித்து, மிச்சத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் பிரிக்கவில்லை. அடுத்த ஆவணிக்கு என்று அத்தையே அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.