சோலார் போடுறதுக்கு முன்னாடி மொட்டைமாடி வெயிலை நாமளே அளக்குறது எப்படி

நம்ம ஊர்ல வெயிலுக்கு என்ன பஞ்சம், இதைப் போய் யாராவது அளப்பாங்களான்னு தான் எங்க வீட்லயும் முதல்ல கேட்டாங்க. குமரி மாவட்டத்துல தக்கலை பக்கம் எங்க வீடு, மாடி சோலாருக்கான மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் இருக்கே, போட்டிரலாம்னு முடிவு பண்ணினோம். இடம் பார்க்க வந்தவர் மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்தாரு, மாடியில ஒரு சுத்து சுத்திட்டு நிழலே இல்ல சார் நல்ல இடம்னு சொல்லிட்டு போயிட்டாரு. அந்த நேரத்துல எந்த மாடியில தான் நிழல் இருக்கும் சொல்லுங்க. எங்க அம்மா அதே மாடியில கொப்பரை காயப்போடுறவங்க, ரெண்டரை மணி ஆச்சுன்னா பக்கத்து விளையில (தோப்புல) நிக்கிற தென்னையோட நிழல் வந்திரும்னு தினமும் சாக்கை கிழக்க இழுத்துப் போடுவாங்க. அவங்க சொன்னப்புறம் தான் எனக்கு உறைச்சுது. நம்ம மாவட்டத்துல வெயில் எவ்வளவு அடிக்குதுன்னு பார்க்கிறதை விட நிழல் எப்போ எங்க விழுதுன்னு பார்க்கிறது தான் முக்கியம். அதனால உங்க வீட்டுல துணியோ நெல்லோ வத்தலோ காயப்போடுறவங்க யாரோ அவங்ககிட்ட முதல்ல கேளுங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிரும்.

மீதிக்கு வேண்டியது ஒரு சாக்பீஸ், நேரான கம்பு ஒண்ணு, ஒரு நோட்டு, 10 வாட் சின்ன சோலார் பேனல் ஒண்ணு, கரண்ட்டும் வோல்டேஜும் அளக்குற ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

முதல்ல தெற்கு எதுன்னு கண்டுபிடிக்கணும். போன்ல இருக்கிற காம்பஸை மாடியில நம்பாதீங்க, கான்கிரீட்டுக்குள்ள கம்பி இருக்கு, அது முள்ளை இழுத்திரும். கம்பை செங்குத்தா நிறுத்தி வைங்க, சூரியன் உச்சிக்கு வர்ற நேரத்துல அதோட நிழல் சரியா வடக்கு தெற்கா விழும், அந்த கோட்டை வரைஞ்சிருங்க. உச்சின்னா 12 மணி இல்ல கேட்டியளா. நம்ம கடிகாரம் ஓடுறது 82.5 டிகிரி தீர்க்கரேகை கணக்குல, நாம இருக்கிறது அதுக்கு அஞ்சு டிகிரி மேற்க, அதனால சராசரியா 12.20க்கு தான் இங்க உச்சி. நவம்பர் ஆரம்பத்துல 12.04க்கே வந்திரும், பிப்ரவரி நடுவுல 12.34 ஆகும். சூரிய உதயம் அஸ்தமனம் ரெண்டு நேரத்துக்கும் நடு நேரம் எதுன்னு பார்த்தாலே அன்னைக்குள்ள உச்சி நேரம் கிடைச்சிரும்.

அடுத்தது நிழல் படம். லீவு நாள் ஒண்ணுல காலைல 8 மணியில இருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும் மணிக்கு ஒருக்கா மாடிக்கு போய் நிழலோட ஓரத்தை சாக்பீஸால வரைஞ்சு பக்கத்துல நேரத்தை எழுதுங்க, ஒரு போட்டோவும் எடுத்து வைங்க. தண்ணி டேங்கு, மாடிப்படி ரூம், கைப்பிடிச்சுவர், டிஷ் ஆன்டெனா எல்லாம் கணக்குல வரணும். தென்னை ஓலை நிழல் மெல்லிசா தானே இருக்குன்னு விட்டிராதீங்க, பேனலுக்குள்ள செல் எல்லாம் வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோர்த்திருக்கும், நாலஞ்சு செல் மேல நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்க கரண்ட் குறையும்.

இப்போ நம்ம மாவட்டத்துக்குன்னே உள்ள விஷயம். இணையத்துல பார்க்கிற விளக்கம் எல்லாத்துலயும் சூரியன் எப்பவும் தெற்க தான் இருக்கும், வடக்க என்ன நின்னாலும் கவலை இல்லன்னு இருக்கும். அது டெல்லிக்கு சரி. நாம பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி தள்ளி இருக்கோம், ஏப்ரல் 11 வாக்குல உச்சி சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வந்து அதுக்கப்புறம் வடக்க போயிரும், செப்டம்பர் 1 வாக்குல தான் திரும்ப வரும். கிட்டத்தட்ட அஞ்சு மாசம் மத்தியான நிழல் தெற்கு பக்கமா விழுது. ஆனி மாசம் 8 அடி உயர டேங்கு ரூம் வடக்க இருந்தா உச்சியில தெற்க ரெண்டே கால் அடிக்கு நிழல், இது பெருசில்ல. ஆனா அந்த மாசங்கள்ல சூரியன் வடகிழக்குல உதிச்சு வடமேற்குல மறையுது, அந்த ரெண்டு மூலையில மரம் நின்னா காலையும் சாயங்காலமும் போச்சு. மார்கழியில தலைகீழ், உச்சி சூரியன் தெற்க 58 டிகிரி உயரத்துல தான் இருக்கும், தெற்க நிக்க 8 அடி சுவருக்கு 5 அடி நிழல், காலை 9 மணிக்கு பார்த்தா எந்த பொருளுக்கும் அதோட உயரத்துல ஒன்றரை மடங்குக்கு மேல நிழல் நீளும். அதனால ஆனியில ஒரு நாள் மார்கழியில ஒரு நாள் வரையுறது தான் உத்தமம், அவ்வளவு காத்திருக்க முடியாதுன்னா சன் சர்வேயர் மாதிரி ஆப்ல போன் கேமராவை மரத்துக்கு நேரா காட்டினா எந்த மாசம் சூரியன் எந்த கிளைக்கு பின்னாடி போகும்னு கோடு போட்டு காட்டிரும்.

இனி மீட்டர் வேலை. போன்ல லக்ஸ் ஆப் போட்டு நேர் வெயிலை அளக்காதீங்க, அந்த சென்சார் வெளிச்சத்தை பார்த்து ஸ்கிரீனை கூட்டி குறைக்கிறதுக்கு உள்ளது, பல போன்ல உச்சி வெயில்ல நிறைஞ்சு ஒரே நம்பர்ல நின்னிரும். சின்ன பேனல் அதை விட எவ்வளவோ நல்ல கருவி. அதோட பின்பக்க ஸ்டிக்கர்ல ஷார்ட் சர்க்யூட் கரண்ட்னு ஒரு அளவு இருக்கும், என்னோடதுல 0.60 ஆம்பியர். சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில் அடிச்சா அவ்வளவு வரும்னு அர்த்தம், வெயில் பாதியானா இதுவும் பாதியாகும். நிறைய பேரு வோல்டேஜை அளந்து ஏமாறுறாங்க, மேகம் மூடினாலும் வோல்டேஜ் பெருசா இறங்காது, அதனால கரண்ட்டை தான் பார்க்கணும். பேனலை தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்ச்சு வைங்க, நாளைக்கு பெரிய பேனல் இருக்கப்போற அதே இடத்துல அதே சாய்வுல. நம்ம அட்சரேகைக்கு அந்த சாய்வு போதும், மழை பெய்ஞ்சா தூசியும் கழுவி போயிரும். மீட்டர்ல சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில மாட்டி டிசி ஆம்பியர்ல வச்சு பேனலோட ரெண்டு வயர்லயும் தொடுங்க. அளந்து முடிச்ச உடனே அந்த சிவப்பு வயரை வோல்டேஜ் துளைக்கு மாத்திருங்க, மறந்து போய் அப்படியே வீட்டு பிளக்குலயோ பேட்டரியிலயோ வச்சா மீட்டர் வெடிச்சு கை வெந்து போகும், இதை தயவு செஞ்சு விளையாட்டா எடுக்காதீங்க.

காலை 7ல இருந்து மாலை 5 வரைக்கும் மணிக்கு ஒரு அளவு. மேகம் ஓடுற நாள்னா ரெண்டு மூணு தடவை பார்த்து சராசரி எழுதுங்க. எனக்கு மாடியோட கிழக்கு பாதியில கிடைச்சது 0.05, 0.17, 0.30, 0.41, 0.49, 0.54, 0.53, 0.46, 0.34, 0.21, 0.08. எல்லாத்தையும் கூட்டினா 3.58, ஸ்டிக்கர்ல இருந்த 0.60ஆல வகுத்தா கிட்டத்தட்ட 6. அதாவது அன்னைக்கு 6 மணி நேரம் முழு வெயில். மேற்கு பாதியில 1 மணி வரை இதே அளவு தான், 2 மணியில இருந்து தென்னை நிழல்ல 0.12, 0.08, 0.05, 0.02னு படுத்துட்டு, மொத்தம் 4.6 மணி நேரம். ஒரே மாடியில ரெண்டு பக்கத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேர வித்தியாசம்!

ஆனா நல்ல வெயில் நாள்ல கிடைச்ச 6ஐ வச்சு வருஷ கணக்கு போட்டிராதீங்க. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஆரல்வாய்மொழி பக்கம் காஞ்சு கிடக்கிற அன்னைக்கு குழித்துறையில கொட்டிட்டு இருக்கும். வருஷ சராசரிக்கு உலக வங்கியோட குளோபல் சோலார் அட்லஸ்ல உங்க ஊர் மேல தொட்டு பாருங்க, இலவசம் தான், அது சேட்டிலைட் கணக்கு, உங்க பக்கத்து வீட்டு தென்னை அதுக்கு தெரியாது. அங்க ஒரு நாளைக்கு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் வெயில்னு வர்ற சராசரி தான் முழு வெயில் மணி நேரம், அதுல இருந்து நீங்க அளந்த நிழல் நஷ்டத்தோட பங்கை கழிங்க. எங்க மேற்கு பக்கத்துக்கு 6ல 1.4 போச்சு, அதாவது நூத்துக்கு 23. கழிச்சு வர்ற மணி நேரத்தை கிலோவாட்டால பெருக்கி, சூடு தூசி வயர் இன்வெர்ட்டர் நஷ்டத்துக்காக 0.75ஆல திரும்ப பெருக்குங்க. 5 மணி நேரம்னா 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 3.75 யூனிட். ஈபி கணக்குல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடுற வீட்டுக்கு தினம் எட்டு யூனிட்டுக்கு கொஞ்சம் மேல வேணும், அப்போ 2 கிலோவாட்டுக்கு கொஞ்சம் மேல இருந்து யோசிக்கலாம்.

நாங்க பேனல் எல்லாத்தையும் கிழக்கு பாதிக்கே மாத்த சொல்லிட்டோம். ஐப்பசி கார்த்திகையில மத்தியானத்துக்கு மேல இடியும் மழையுமா தான் இருக்கும், அப்போ காலை வெயில் தான் கைகொடுக்கும், அதனால அந்த பக்கம் மறைப்பில்லாம இருக்கிறது ரொம்ப நல்லதா போச்சு. வடகிழக்கு மூலையில மட்டும் பெரிய மரமா வளர்ற அயனி கன்னு ஒண்ணு நிக்குது, இப்போ இடுப்பு உயரம் தான், பேனல் 25 வருஷம் இருக்கப்போறது, அதனால அந்த கன்னை இந்த மழையிலயே மேற்கு வேலி ஓரமா பிடுங்கி நடப்போறோம்.