தலித் காலனிப் பிரச்சினை செய்தியாக வேண்டுமா? அமெரிக்கக் கறுப்பின இயக்கங்களின் அனுபவம்

2020 மே 25. காவலர் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் இறந்ததை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் காவல்துறையின் முதல் அறிக்கை ‘மருத்துவச் சம்பவம்’ என்றது. காவலரின் முழங்கால் அவர் கழுத்தை அழுத்தியதைப் பற்றி ஒரு வரி இல்லை. 17 வயதுப் பெண் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோதான் அந்த அறிக்கையை உடைத்தது. அதிகாரி சொல்வதே முதல் செய்தியாகிவிடும். அதன் பின்னாலேயே உங்கள் ஆதாரமும் உடனே போய்ச் சேர வேண்டும்.

போனைப் படுக்கையாகப் பிடித்து, முதலில் தேதி, நேரம், ஊர் சொல்லிவிட்டு, இடம் தெரியும்படி எடுங்கள்: பெயர்ப்பலகை, அடைத்த வேலி, பாலம். ஒவ்வொரு காட்சியும் 10 விநாடி அசையாமல் இருக்கட்டும். அழும் முகங்களை மட்டும் எடுத்தால், மறுநாளே ‘இது வேற ஊர், பழைய வீடியோ’ என்று தள்ளிவிடுவார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி நாராயணபுரத்தில், சுடுகாட்டுப் பாதை அடைபட்டதால், பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஒரு தலித்தின் உடலை இறக்கிய வீடியோவைப் பாருங்கள். பாலத்தின் உயரம், கயிறு, தொங்கும் உடல் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன. விளக்கமே தேவைப்படவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது.

வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் தரம் குறையும். பாட்டு, எழுத்து எதுவும் சேர்க்காத ஒரிஜினலைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

இறந்தவரின் படத்துக்குக் குடும்பத்தின் சம்மதம் கட்டாயம். 1955இல் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் சவப்பெட்டியைத் திறந்து வைக்கச் சொன்னது அவன் அம்மாதான். சிதைந்த முகத்தை ‘ஜெட்’ என்ற கறுப்பினப் பத்திரிகை வெளியிட்டது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

படம் கோபத்தைத்தான் கிளப்பும். வேலை நடக்கக் கோரிக்கை வேண்டும். 1965 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் செல்மா ஊர்ப் பாலத்தில் கறுப்பினத்தவர் ஊர்வலத்தின் மீது போலீஸ் நடத்திய தடியடியை அன்றிரவே ஏபிசி தொலைக்காட்சி நாடெங்கும் காட்டியது. ஊர்வலக்காரர்கள் கேட்டது வாக்குரிமை, அது ஒன்றுதான். ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டமே கையெழுத்தானது. பத்துக் கோரிக்கை வைத்தால் நிருபர் எளிதானதை எடுத்துக்கொள்வார், முக்கியமானது போய்விடும். எனவே பத்திரிகைக் குறிப்பு ஒரே பக்கம். முதல் வரியே கோரிக்கை: ‘சுடுகாட்டுப் பாதையை அளந்து கொடுக்க வேண்டும்’, கூடவே சர்வே எண். பேசுவதற்கு ஒருவர் மட்டும், அவர் போன் எண்ணோடு.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது நகலைக் குறிப்போடு இணைத்து மதியத்துக்குள் நிருபர்களுக்குக் கொடுங்கள். வேலூர் மாவட்டம் பிரிந்ததை மறந்து பலர் வேலூர் கலெக்டர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்கே வந்து நிற்கிறார்கள்: ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போகவேண்டும்.