தம்பியின் டிஸ்சார்ஜை எதிர்த்து மனுப் போட

ராணுவத்தில் 9 வருஷம் இருந்த தம்பியை 4 ரெட் இங்க் என்ட்ரியோடு (நடத்தைப் பதிவில் சிவப்பு மையில் எழுதும் தண்டனை) வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் இரண்டு, கூப்பிட்டும் பதில் சொல்லாததற்கு. ஒருநாள் சாப்பிடும்போது கையில் சோற்றோடு அப்படியே வெறித்துப் பார்த்தான். வாய் மட்டும் சும்மா மென்றுகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் கழித்து, "என்னக்கா?" என்றான். இ.இ.ஜி. என்ற மூளைப் பரிசோதனை எடுத்த பிறகுதான் வலிப்பு என்று தெரிந்தது. அவனைத் திமிர் பிடித்தவன் என்றார்களே, அது இன்னும் ஆறவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் முதலில் காகிதங்களைச் சேருங்கள். படைவீரரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை) மனு அனுப்பி, சேர்ந்தபோது எடுத்த மருத்துவ அறிக்கை, தண்டனைப் பதிவு, டிஸ்சார்ஜுக்கு முந்தைய விசாரணைத் தாள்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். 4 என்ட்ரி இருந்தாலே அனுப்பிவிட முடியாது, சூழ்நிலையை விசாரிக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் டாக்டர். நோயின் பெயர் மட்டும் உள்ள சான்றிதழ் போதாது. ஒவ்வொரு தண்டனையின் தேதியையும் காட்டி, அந்த நடத்தை இந்த நோயின் அறிகுறியாக இருந்திருக்கலாமா என்று விளக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் மனுவுக்கு உயிர் கொடுத்தது அந்த 2 பக்கம்தான்.

முதலில் ராணுவ மேலதிகாரிக்கு மனு. நிராகரித்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலும் அமர்வு உண்டு. இறுதி உத்தரவிலிருந்து 6 மாதம் கெடு. தாண்டிவிட்டதா? சரி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடுங்கள். நோய் தெரியவந்த தேதியை அதில் மறக்காமல் எழுதுங்கள்.